கட்டடச் சுவரில் பெரிய அச்சுத் துணி ஓவியம்: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்

பள்ளி நூற்றாண்டு விழா, நூலகச் சுவர், ஜவுளிக்கடை முகப்பு, திருவிழாக் காலம் என்று மூன்று மாடி உயரத்துக்குத் துணியில் ஓவியம் அச்சிட்டு மாட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. கணக்குச் சொல்லும் இடங்களில் எல்லாம் 30 அடி அகலம், 40 அடி உயரமுள்ள ஒரே சுவரை வைத்துக்கொள்கிறோம். அது 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர்.

படத்தை முடிவு செய்துவிட்டோம். அடுத்து என்ன?

படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் முடிவாக வேண்டியவை மூன்று: சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மாதத்தில் மாட்டப்போகிறீர்கள், சுவரில் எது பிடி தாங்கும். இந்த மூன்றும் தெரிந்தால் துணி தானாக முடிவாகும். துணி முடிவானால் படத்தில் எவ்வளவு நுணுக்கம் நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். தலைகீழாகப் போனால் வரைந்தவரும் மாட்டுகிறவரும் கடைசி வாரத்தில் சண்டை போடுவார்கள்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி, பங்குனி. காற்று அடங்கியிருக்கும், சுவர் காய்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் வெயிலைவிடக் கோடை மழைதான் தொந்தரவு. பிற்பகலில் திடீரென்று இடியோடு வரும் சுழல்காற்று அரைமணி நேரம் அடித்தாலும் போதும், சரியாகக் கட்டாத துணி போய்விடும்.

வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேற்கிலிருந்து காற்று. குற்றாலத்தில் சாரல் என்றால் பாளையங்கோட்டையில் புழுதிக் காற்று. கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. இந்த மாதங்களில் மாட்டக்கூடாது என்பதில்லை. ஆனால் ஒன்றரை மாதம் நிற்க வேண்டிய துணிக்கும் ஆனி, ஆடி தாண்டி நிற்க வேண்டிய துணிக்கும் பிடிப்புச் செலவு ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சுவரில் துளை போட வேண்டிவரும். மார்கழியையும் முழுசாக நம்ப முடியாது. 2023-இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை மார்கழி பிறந்த கையோடு வந்ததுதான்.

காற்று அப்படி எவ்வளவுதான் இழுத்துவிடும்?

சூத்திரம் எளிது. காற்றின் வேகத்தை விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு 20 மீட்டர், 240 நியூட்டன், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ. நம் சுவருக்கு மொத்தம் 2.7 டன். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதில் திருநெல்வேலி அடங்கும் மண்டலத்துக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தை அப்படியே போட்டால் 10 டன்னைத் தாண்டும். தற்காலிக அமைப்புக்கு, உயரத்துக்கு, சுற்றுப்புறத்துக்கு என்று குறைக்கும், கூட்டும் எண்கள் உண்டு. அதைக் கட்டமைப்புப் பொறியாளர் போடட்டும். இரண்டு மாடிக்கு மேல் போகும் எதற்கும் அவர் கையெழுத்து இல்லாமல் மாட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் ஒன்றரை அடிக்கு ஒரு ரிங் (துணியோரத்தில் கட்டுவதற்காக அடிக்கும் பித்தளை வளையம்) என்றால் 140 அடிச் சுற்றளவுக்கு சுமார் 93 ரிங். 2.7 டன்னை 93-ஆல் வகுத்து, "ஒன்றுக்கு 29 கிலோதானே" என்று நிம்மதியாகி விடுவார்கள். அது சுவரைவிட்டு வெளியே இழுக்கும் பங்கு மட்டும். இறுக்கிக் கட்டிய துணி பக்கவாட்டில் இழுப்பது இதைப்போலப் பல மடங்கு. 9 மீட்டர் அகலத்தை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்து, நடுவில் 30 செ.மீ. தொப்பை விழும்படி விட்டால், அதே 72 கிலோமீட்டர் காற்றில் ஓரத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 800 கிலோவுக்கு மேல் இழுவை வரும். அதே அகலத்தை நடுவில் இரண்டு இடத்தில் பிடித்து மூன்று மீட்டர் மூன்று மீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. தொப்பை இருந்தால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிறது. ஆகவே துணியின் பின்பக்கம் 10 அடிக்கு ஒரு பெல்ட் தைத்து, அதைச் சுவரில் ஓடும் கம்பிக் கயிற்றில் பிடிப்பது அலங்காரம் அல்ல, அவசியம்.

எங்கள் சுவர் மேற்கே பார்க்கவில்லை. கவலை இல்லைதானே?

மேற்குச் சுவரில் காற்று துணியைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். சுவரே தாங்கிக்கொள்ளும். வடக்கு, தெற்குச் சுவர்களில்தான் சிக்கல்: காற்று பக்கவாட்டில் ஓடும்போது துணியை வெளியே உறிஞ்சும். அதிலும் மேற்கு ஓரத்து மூலையில் உறிஞ்சல் நடுச் சுவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். வடக்குச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் மேற்குப் பக்கத்து முதல் ஐந்தடிக்கு ரிங் இடைவெளியை ஒன்றரை அடியிலிருந்து ஓர் அடியாகக் குறையுங்கள். சுவருக்குள் இறங்கிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். கிழக்குச் சுவரிலும் உறிஞ்சல் உண்டு, கொஞ்சம் குறைவு.

எந்தத் துணி வாங்குவது?

வெளிச்சுவரில் ஒரு மாதத்துக்கு மேல் என்றால் மெஷ் என்ற துளைத் துணியைத் தவிர வேறு யோசனை வேண்டாம். பாலியெஸ்டர் நூல் வலையின்மேல் பிவிசி பூசியது; சதுர மீட்டருக்கு 270 முதல் 370 கிராம் வரை கிடைக்கும். 350 கிராம் என்றால் நம் சுவருக்குத் துணி மட்டும் 39 கிலோ. பரப்பில் சுமார் 30 சதவீதம் துளை. அதற்காகக் காற்றுச் சுமையும் 30 சதவீதம் குறைந்துவிட்டது என்று கணக்கில் கழிக்காதீர்கள். துளை வழியாகப் போகும் காற்றும் நூலை உரசித் தள்ளிக்கொண்டுதான் போகிறது.

துணி போலவே தொங்க வேண்டும், மினுமினுப்பு கூடாது என்பவர்கள் பின்னல் பாலியெஸ்டர் கேட்பார்கள். கொடித் துணி என்பார்களே, 110 கிராம் சுற்றில் வரும், அது. சாயம் 200 டிகிரிச் சூட்டில் நூலுக்குள்ளேயே இறங்குவதால் நிறம் அழகு. ஆனால் ஒரு காற்றுப் பருவத்தைத் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் கட்சி பேனர் போடும் சாதா ஃபிளெக்ஸ் இந்த அளவுக்கு ஆகவே ஆகாது.

ஃபிளெக்ஸில் பிறை வடிவில் ஓட்டை வெட்டி விடுவார்களே?

வெட்டிய இடத்தில் திறக்கும் பரப்பு மொத்தத்தில் மிகச் சொற்பம். காற்றுச் சுமை குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒவ்வொரு பிறையின் இரண்டு முனையும் ஒரு கிழிசலின் ஆரம்பம். படமும் கெட்டு, துணியும் கெட்டது.

கைத்தறிப் பருத்தியில் அச்சிட முடியாதா? வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் நெசவு இருக்கிறதே.

பத்து நாள் திருவிழாவுக்குப் பங்குனியில் தாராளமாகச் செய்யலாம். பருத்தியில் பிக்மென்ட் அச்சு, அதாவது நிறத்தூளை நூலின்மேல் ஒட்டவைக்கும் அச்சு, நன்றாகப் பிடிக்கும். சாயத்தைச் சூட்டில் ஏற்றும் முறை பருத்திக்கு ஆகாது, பாலியெஸ்டருக்கு மட்டும்தான். துணியை முதலில் அலசிக் காயவைத்துவிட்டு அச்சிடுங்கள். இல்லையென்றால் முதல் மழையிலேயே சுருங்கி ரிங்கை இழுத்துக் கிழிக்கும். நனைந்த பருத்தி தன் எடைக்கு மேல் தண்ணீர் குடிக்கும், மேல்பிடியை அதற்கேற்பப் போடுங்கள். இழுத்துக் கட்டவும் கூடாது. தேரில் தொங்கும் தொம்பை போல அடியைச் சும்மா விட்டு, குறுகிய பட்டைகளாகத் தொங்கவிட்டால் காற்று நடுவே போய்விடும். 30 அடிப் படத்தை மூன்றடிப் பட்டைகள் பத்தாகப் பிரித்தால் ஆடும்போது படம் கலைந்து கலைந்து சேரும், அதுவும் ஓர் அழகுதான். கார்த்திகை ஈரத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்கும்.

சுவரை எப்படி அளப்பது?

அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில்; உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும்; இரண்டு மூலைவிட்டங்கள். மூலைவிட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால் சுவரின் மூலைகள் செங்கோணமாக இல்லை. பழைய கட்டடங்களில் இது சாதாரணம். சன்ஷேடு எத்தனை அங்குலம் நீட்டியிருக்கிறது, தண்ணீர்க் குழாய், ஏசி வெளிப்பெட்டி, கேமரா, அவசர வழி எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள். சன்ஷேடு இரண்டடி நீட்டியிருந்தால் துணியைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தையும் அதைத் தாண்டி வெளியே கொண்டுவர வேண்டும், அல்லது துணியை மேல் கீழாகப் பிரிக்க வேண்டும். சன்ஷேடு நுனியில் துணி உரசினால் இரண்டே வாரத்தில் அந்தக் கோட்டில் அச்சுத் தேய்ந்து வெள்ளை தெரியும், பிறகு நூல் அறும். சமதளச் சுவரிலும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

ஓரம் மடித்து முடித்த துணியின் அளவு சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. சிறியதாக இருக்கட்டும். இறுக்க இடமில்லாமல் போனால் அத்தனை பாடும் வீண். அடி ஓரம் தரையிலிருந்து எட்டு, பத்தடி உயரத்தில் நிற்க வேண்டும்: இழுத்துப் பார்க்கிற பிள்ளைகளும், ஒதுங்கி நிற்கிற வேன்களும், பருத்தியென்றால் ஆடுகளும் உண்டு.

அச்சுக் கோப்பு எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)?

"300 டிபிஐ வேண்டும்" என்று கேட்பவருக்குச் சுவர் அச்சு பழக்கமில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில் 300 வைத்தால் முழு அளவில் 30. நம் சுவருக்கு அது சுமார் 10,800-க்கு 14,400 பிக்சல். 10 அடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கே அது போதும். 3,438-ஐப் பார்க்கும் தூரத்தால், அங்குலக் கணக்கில், வகுத்தால் தேவையான டிபிஐ வரும். சாலைக்கு அந்தப் பக்கம் 30 அடி தள்ளி நிற்பவருக்கு 10 போதும். அதாவது 24 மெகாபிக்சல் கேமராவில் நிறுத்தி எடுத்த ஒரு நல்ல படம், அதிகம் வெட்டாமல் போட்டால், இந்தச் சுவருக்கு எட்டும். எழுத்தையும் கோட்டு ஓவியத்தையும் மட்டும் பிக்சலாக்காமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் வடிவிலேயே கொடுங்கள்.

பத்தமடைப் பாயின் கோலத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க ஆசை. வருமா?

அருமையாக வரும், ஆனால் எதைப் பெரிதாக்குகிறோம் என்று முடிவு செய்யுங்கள். முழுப் பாயையும் படமெடுத்துப் போட்டால் கோரையின் மெல்லிய வரிகள் மெஷ் துளைகளோடு மோதி, இல்லாத அலையலையான கோடுகளைக் கிளப்பும். அதற்குப் பதிலாகப் பாயில் ஓரடி அகலத் துண்டை மட்டும் எடுத்து 30 மடங்கு பெரிதாக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கோரை மூன்று செ.மீ. பட்டையாகும், ஊடே ஓடும் நூல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது தெருவிலிருந்தே தெரியும். அந்த ஓரடியில் 10,800 பிக்சல் வேண்டுமென்றால் 900 டிபிஐ. கேமரா வேண்டாம், சாதாரண ஏ4 ஸ்கேனரில் துண்டு துண்டாக 1200-இல் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு இரண்டு அங்குலமாவது மேற்படட்டும், பாயைத் திருப்பி வைக்காதீர்கள், ஒளி வரும் பக்கம் மாறினால் ஒட்டு தெரியும்.

கிருஷ்ணாபுரம் சிற்பம், திருப்புடைமருதூர்க் கோபுரத்து ஓவியம் போன்றவற்றை எடுக்க நினைப்பவர்கள் கோயில் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியை முதலில் வாங்குங்கள். அச்சடித்த பிறகு கேட்பது சரியல்ல.

திரையில் பார்த்த நிறம் சுவரில் வெளிறித் தெரிகிறதே?

மூன்றில் ஒரு பங்கு துளை. அதன் வழியே பின்னால் உள்ள சுவர் தெரிகிறது. வெள்ளைச் சுவராக இருந்தால் கருமையெல்லாம் சாம்பலாகும். கருமையையும் செறிவையும் கொஞ்சம் தூக்கி, மூன்றடிக்கு மூன்றடித் துண்டு ஒன்றை அதே மெஷ்ஷில் அடித்து, அதே சுவரில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு செலவைச் சுருக்காதீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் நம் வெயிலில் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். அதனால்தான் பழைய பேனர் முகங்கள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. மனித முகத்தை மேற்குச் சுவரில் ஆறு மாதம் வைக்கப்போகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். மெஷ்ஷில் எழுத்தின் கோடு ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் துளைகளில் காணாமல் போகும். புள்ளி, கொம்பு, சுழி இவைதான் முதலில் போகும்.

அச்சகத்தில் எதைச் சொல்லி வைக்க வேண்டும்?

உருளை அகலம் பெரும்பாலும் 3.2 மீட்டர். 30 அடி என்பது பத்தடிப் பட்டைகள் மூன்று. மூன்றையும் ஒரே நாளில், ஒரே கட்டு உருளையில், ஒரே திசையில் ஓட்டச் சொல்லுங்கள். நாளைக்கு மிச்சம் என்றால் மூட்டில் நிறம் மாறும். மூட்டு நெட்டுக்குத்தாக, 4 செ.மீ. மேற்பட்டு, வெப்பக் காற்றால் ஒட்டியதாக இருக்கட்டும். ஒட்டின் திறந்த விளிம்பு மேற்கே பார்க்கக்கூடாது. முகத்தின் நடுவே மூட்டு வராமல் படத்தை நகர்த்துங்கள். சால்வென்ட் மை என்றால் ஒரு நாள் முழுக்க ஆறிய பிறகே சுருட்ட வேண்டும். மடிக்கவே கூடாது, மடித்த கோடு சுவரில் வெள்ளை வரியாக நிற்கும்.

ஓரத்தை 10 செ.மீ. மடித்து, உள்ளே 5 செ.மீ. பாலியெஸ்டர் பெல்ட் வைத்து ஒட்டி, அதன் ஊடாகத்தான் பித்தளை ரிங் அடிக்க வேண்டும். நான்கு மூலைக்கும் ஓரடி முக்கோண ஒட்டுத் துணி இரட்டையாக. "ரிங் அடிச்சாச்சுண்ணே" என்று அச்சகம் சொன்னால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே பெல்ட் கைக்குத் தட்டுப்படவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

சுவரில் பிடி எங்கே போடுவது?

கான்கிரீட் தூண், பீம். அவ்வளவுதான். நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவரில் மேல்பிடி போடுவது எல்லோரும் செய்கிற தவறு. துணி தாங்கும், கைப்பிடிச் சுவர் கீழே வரும். மொட்டைமாடித் தரையிலும் துளைக்காதீர்கள். தட்டோட்டுத் தளம் உடைந்தால் அடுத்த ஐப்பசியில் ஒழுகும். பீமின் வெளிமுகத்தில் எல் ஆங்கிள் பிடித்து அதில் கம்பியை ஓட்டுங்கள்.

கான்கிரீட்டில் எம் 10, அதாவது 10 மி.மீ. ஆங்கர் போல்ட், ஆழம் 60 மி.மீ.க்குக் குறையாமல், பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல். பூச்சு ஓர் அங்குலம் இருந்தால் அந்த ஓர் அங்குலம் கூடுதல் ஆழம். பீம் விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி. பாளையங்கோட்டையின் பழைய பள்ளிக் கட்டடங்கள் போலச் சுண்ணாம்புக் காரையும் நாட்டுச் செங்கலும் என்றால் விரிந்து பிடிக்கும் போல்ட் ஆகாது, செங்கலைப் பிளக்கும். வலைக் குழல் செருகி, பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். துளையைத் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, ஊதிய பிறகே பசை. கெமிக்கல் ஆங்கர் கையோடு வருவதற்கு முதல் காரணம் துளையில் கிடக்கும் தூசி, இரண்டாவது ஈரம். போட்டவற்றில் சிலவற்றை, கணக்கிட்ட சுமையின் ஒன்றரை மடங்கு இழுத்துச் சோதிக்காமல் துணியை ஏற்றாதீர்கள்.

கம்பி, டர்ன்பக்கிள் பற்றி?

6 மி.மீ. கம்பிக் கயிறு. முனைக்கு மூன்று யு கிளிப், 4 செ.மீ. இடைவெளியில். கிளிப்பின் தட்டைப் பக்கம் சுமை தாங்கும் நீளக் கம்பியில், வளைந்த பக்கம் வெட்டிய துண்டு முனையில். மாற்றிப் போட்டால் நீளக் கம்பி நசுங்கி அங்கேயே அறும். கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளை இறுக்கிய பிறகு நடுவே மெல்லிய கம்பியைக் கோத்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் காற்றின் அதிர்வில் அது தானே கழன்றுகொள்ளும். மேல் ஓரத்தை இரும்புக் கொக்கியால் மட்டும் பிடியுங்கள். பக்கமும் அடியும் கறுப்புக் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் கட்டு. வெள்ளை டை வெயிலில் சில மாதத்தில் நொறுங்கும். அடியில் டை போடுவதற்குக் காரணம் இருக்கிறது: அளவுக்கு மீறிக் காற்று வந்தால் துணி கிழிவதற்கு முன் டை அறுந்து காற்றை விடும். அறுந்ததை அன்றைக்கே போய்க் கட்ட ஆள் இருந்தால்தான் இந்த ஏற்பாடு உதவும்.

மாட்டும் நாள் எப்படி இருக்க வேண்டும்?

விடிகாலையில் ஆரம்பித்து ஒன்பது, ஒன்பதரைக்குள் துணி மேலே நிற்க வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். மேல் ஓரப் பையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், துணி, பைப், கம்பி எல்லாம் சேர்த்து 80 கிலோ பக்கம். இரண்டு மூலையிலும் நடுவிலும் கப்பி. அச்சு உள்பக்கமாகச் சுருட்டிய துணியைத் தரை விரிப்பில் வைத்து, மேலே ஏற ஏறக் கீழே இருவர் அவிழ்த்துவிட வேண்டும். மேல் ஓரம் முழுவதும் பூட்டிய பிறகு அடி, அதன் பிறகு பக்கங்கள், நடுவிலிருந்து மூலையை நோக்கி. முதலில் மூலையை இறுக்கினால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும். மரக்கிளை ஆடத் தொடங்கினால் வேலையை நிறுத்துங்கள். பாதி ஏறிய துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் காற்று தூக்கும். சாரத்தில் நிற்பவருக்கு இடுப்புப் பெல்ட் போதாது, முழு உடல் பெல்ட். அதன் கயிறு துணி தொங்கும் கம்பியில் அல்ல, தனிப் பிடியில்.

ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். பிவிசி வெயிலில் தளரும். அந்தக் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மின்கம்பி, அனுமதி?

11 ஆயிரம் வோல்ட் வரையுள்ள கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் என்பது விதி. அது அசையாத கட்டடத்துக்கு. அறுந்து பறக்கும் துணி எட்டும் தூரம் அதைவிட மிக அதிகம். கம்பி அருகில் இருந்தால் ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாட்டும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கட்டட உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும் மாநகராட்சி அல்லது உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும். ஓவியம்தானே, விளம்பரம் இல்லையே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மூலையில் ஒரு கடையின் பெயர் இருந்தாலே கதை மாறும்.

எங்கே முதலில் கிழியும்?

மேல் மூலை ரிங்கில். ரிங்கின் வட்டம் முட்டை வடிவாக நீண்டிருந்தால் அது முன்னறிவிப்பு. அடுத்து மூட்டின் அடி நுனி. காற்று மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொலைநோக்கியில் பார்த்தாலே தெரியும். ஒரு சாண் கிழிசலுக்குப் பின்பக்கம் அதே மெஷ் துண்டை வெப்பக் காற்றால் ஒட்டலாம். அதைத் தாண்டினால் இறக்குவது மேல்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

இறக்குங்கள். அதற்கு மேல்பிடி மொட்டைமாடியிலிருந்து கழற்றக்கூடியதாக, கப்பியும் கயிறும் அங்கேயே கிடப்பதாக இருக்க வேண்டும். சாரம் கட்டித்தான் இறக்க முடியும் என்ற அமைப்பு எச்சரிக்கை நாளில் பயன்படாது. கலைஞர்களான கிறிஸ்டோ, ஜான் குளோட் இணையர் 1995-இல் பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தை ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல் துணியால் போர்த்தினார்கள். இரண்டே வாரம்தான் வைத்திருந்தார்கள். குறைந்த நாள் என்பது குறை அல்ல.

செலவு?

அச்சகம் சதுர அடிக் கணக்கில் சொல்லும். அது பாதிக் கதை. இரும்பு, ஆங்கர், சாரம், ஆள் கூலி, மறு இறுக்கம், இறக்கும் கூலி எல்லாம் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். இறக்கும் கூலி எழுதாத மதிப்பீடுதான் கிழிந்த துணி ஒன்றரை வருஷம் தொங்குவதற்குக் காரணம்.

கழற்றிய துணியை என்ன செய்வது?

எரிக்காதீர்கள், பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மெஷ் நாற்றங்கால் நிழல்வலையாக, லாரிச் சுமை மூடியாக, பையாக உழைக்கும். தொழுவத்துக்கு மேற்கு மறைப்பாகக் கட்டக் கேட்டு வாங்கிப்போவார்கள். நெல் காயப்போட மட்டும் கொடுக்க வேண்டாம். மை தானியத்தில் படும்.